ஜி.பி.எஸ். கருவிக்கு நிலப்படம் தேர்ந்துகொள்ளும் முறை

விருத்தாசலம் நகரம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. அதனைச் சூழ்ந்த புன்செய் நிலங்களோ மணிலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போனவை. இத்தகைய புன்செய் ஒன்றில் எல்லைக் கல் ஒன்று காணாமற் போயிற்று என்று வைத்துக்கொள்க. உழவு யந்திரம் தட்டி அது புதைந்திருக்கலாம். களிமண் எடுத்த பள்ளத்தின் கரை சரிந்தபொழுது அதனோடு போயிருக்கவுங்கூடும். நிலத்துக்குடையவர் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வயலுக்குச் செல்கிறார். திரையில் ஒரு கோடு தெரிகிறது. தாம் நிற்குமிடத்தைக் காட்டும் புள்ளியும் தெரிகிறது. புள்ளி கோட்டின்மேல் வந்து நின்றவுடன் அவ்விடத்திலேயே வேலிக்கால் நாட்டிவிடுகிறார். மறுநாள் அடுத்த புலத்துக்காரரும் தம் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். அவரிடமுள்ள படம் வேறு. ஆதலால் கோடும் வேறு. இருவரும் தத்தம் கருவியையே சாட்சியாகக் காட்டுகின்றனர்.

இவ்விருவர் கருவிகளும் பழுதானவை அல்ல. ஒவ்வொன்றும் தன்னுள் ஏற்றப்பட்ட படத்தையே காட்டியது. இருக்குமிடத்தைக் கண்டறிவது கருவியின் வேலை. அவ்விடம் எவருடைய நிலம், எந்தப் பாதை, எந்த வாய்க்கால் என்று சொல்வது படத்தின் வேலை. கருவி வாங்கும்பொழுது காட்டும் கவனத்தில் பாதியையேனும் படம் வாங்கும்பொழுது நம்மவர் காட்டுவதில்லை. படங்கள் பல வகையின. அவற்றுள் ஒன்றற்கு உரிய வேலையை மற்றொன்றினிடம் பெறுதல் இயலாது.

முதலில் கருவியின் திறமை இன்னதென அறிந்துகொள்ளல் வேண்டும். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசாங்கத்தார் நடத்திவரும் ஏற்பாடு. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கருவி ஏற்று, அவை வந்து சேர்ந்த காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகின்றது. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் அலை கிடைத்தாலன்றி இடமும் உயரமும் நேரமும் ஒருங்கே தீர்மானமாவதில்லை. பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதன்பின்னரே இக்கருவி குடியானவருக்குப் பயன்படத்தக்கதாயிற்று. ஆயினும் சாதாரணக் கைப்பேசி, தடையற்ற வெட்டவெளியில் நிற்கும்பொழுதும், ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரையில் தவறக்கூடும். அடர்ந்த முந்திரித் தோப்பினுள்ளும் உயர்ந்த கட்டடங்களை ஒட்டியும் அலைகள் தடைப்பட்டும் எதிரொலித்தும் வருவதால் பிழை இன்னும் மிகும்.

ஐந்து மீட்டர் அற்பமென்று தோன்றலாம். நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமுமான ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு பக்கத்து எல்லை முழுவதும் ஐந்து மீட்டர் நகருமாயின், நகர்ந்த பரப்பு 500 சதுர மீட்டர். அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு சென்ட் நிலத்துக்காக அண்ணன் தம்பிகள் நீதிமன்றம் ஏறாத கிராமம் இத்தாலுகாவில் உண்டோ என்பது ஐயமே.

இனிப் படங்களின் வகை. கருவியில் ஏற்றும் படங்கள் எல்லாம் இரண்டு இனத்துள் அடங்கும். ஒன்று பிம்பப் படம். வியாபாரிகள் இதனை ராஸ்டர் என்பர். மற்றொன்று கோட்டுப் படம். இதனை வெக்டர் என்பர். அச்சிட்ட தாளைப் புகைப்படம் போல நகலெடுத்தாலும், வானிலிருந்து துணைக்கோள் எடுத்த நிழற்படத்தைக் கொண்டாலும் கிடைப்பது பிம்பப் படமே. அது நுண்ணிய வர்ணப் புள்ளிகளாலாகிய ஒரு சித்திரம். மரம், மேடு, ஊர்ப்பெயர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கருவியைப் பொறுத்தவரையில் அவையெல்லாம் வெறும் வர்ணமே. இன்ன புல எண் எங்கே என்று வினவினால் பிம்பப் படத்தினின்று விடை வராது. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் பருத்து மங்குமேயன்றிப் புதிய விவரம் ஒன்றும் தோன்றாது.

கோட்டுப் படம் சித்திரம் அன்று, கணக்கு. ஒவ்வொரு வளைவும் மூலையும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களாகவே அதில் பதிவாகியிருக்கும். அவ்வெண்களைக் கொண்டு கருவி தானே கோடு வரைந்துகொள்கிறது. ஆதலின் கோப்பு சிறியது. பெயரையும் எண்ணையும் தேடலாம். பாதைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பின் வழியும் சொல்லும். எத்தனை மடங்கு பெரிதாக்கினும் கோடு மயிரிழை போல் தெளிவாகவே நிற்கும்.

இத்தெளிவே கோட்டுப் படத்தில் மிகவும் அஞ்சத்தக்கது. பிம்பப் படம் தன் எல்லை கடந்தவுடன் மங்கி, ‘இதற்கு மேல் என்னை நம்பாதே’ என்று அறிவித்துவிடும். கோட்டுப் படத்துக்கு அந்த நாணயம் இல்லை. சிறிய அளவையுள்ள தாளின்மேல் ஒருவர் விரைந்து வரைந்த வாய்க்கால், பத்து மீட்டர் தவறியிருப்பினும், திரையில் கூரிய நேர்க்கோடாகவே விளங்கும். கோட்டின் கூர்மையை அளவையின் நுட்பமென்று மயங்குதலால்தான் மேற்சொன்ன வேலித் தகராறுகள் விளைகின்றன.

ஆகையால் எந்தப் படமாயினும், அது எந்த அளவைத் திட்டத்திலிருந்து பிறந்தது என்பதையே முதலிற் கேட்கவேண்டும். 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை வெளியிடும் தாள்களுள் பெரிதும் வழங்குவது 1:50,000 அளவையுடையது. அதில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் ஐம்பது மீட்டராகும். ஒரு ஹெக்டேர் தோப்பு அத்தாளில் இரண்டு மில்லிமீட்டர் சதுரம்; ஒரு பச்சைப்பயற்றினும் சிறியது. பென்சிற் கோட்டின் அகலம் அரை மில்லிமீட்டர் என்று கொண்டாலும் நிலத்தில் அது 25 மீட்டர். இத்தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நகலெடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் நாலேகால் மீட்டரை மூடும். மணிமுத்தாறும் வெள்ளாறும் செல்லும் போக்கு, ஏரிகள், மேட்டுப்பாங்கு, ஊர்களை இணைக்கும் பாதைகள் ஆகியவற்றை அறிய இதனினும் நல்ல படம் இல்லை. புல எல்லைக்கு இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

கிராமப் படம் இன்னும் பெரிய அளவையுடையது. முற்காலத்தில் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டது. மெட்ரிக் முறை வந்தபின் பெரும்பாலும் 1:5,000 அளவையில் அமைகின்றது. இதில் ஒரு ஹெக்டேர் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாய்த் தோன்றும். எந்தப் புல எண் எதனை அடுத்தது, வண்டிப்பாதை எங்கே செல்கிறது என்பவற்றை இது காட்டும். 1:1,000 அல்லது 1:2,000 அளவையில் ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியே வரையப்பட்ட புலப்படமே எல்லைக்கு ஆதாரம். எஃப்.எம்.பி. என்று கிராமத்தார் யாவரும் வழங்குவது இதுதான்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது, வாங்குவோருள் பலர் கேள்விப்பட்டேயிராத ஒரு விஷயம். பூமி முற்றிலும் உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதன் வடிவத்தை இன்னதெனக் கொண்டே அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கணக்கிடவேண்டியிருக்கின்றது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அவரையடுத்து அப்பேரளவையை நடத்தியவர் எவரெஸ்ட். பின்னவர் 1830-இல் வகுத்த பூமியின் வடிவமே நம் நாட்டுப் பழைய தாள்களுக்கெல்லாம் ஆதாரம். ஜி.பி.எஸ். கருவியோ உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற ஆதாரத்தைக் கையாளுகின்றது. இவ்விரண்டுக்கும் நம் பிரதேசத்தில் நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. பழைய தாளை நகலெடுத்து, ஆதாரத்தை மாற்றாமல் கருவியில் ஏற்றிவிட்டால், தம் கிணற்றருகே நிற்பவரை அடுத்தவர் வயலில் நிற்பதாகவே அது காட்டும். இது எங்கும் ஒரே திசையில் நேரும் பிழையாதலால், பலமுறை சோதித்தாலும் ஒரே விடை வரும்; அதனாலேயே படம் சரியென்ற நம்பிக்கையும் வலுப்படும்.

இதனை அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. தாளின் எண்ணைப் பார்த்தல் வேண்டும். விருத்தாசலம் பழைய வரிசையில் 58 எம் என்ற பிரிவில் அடங்கும். 2005-இல் வகுக்கப்பட்ட தேசியப் படக் கொள்கைக்குப்பின் பொதுமக்களுக்காக வெளியிடப்படும் புதிய வரிசை டபிள்யூ.ஜி.எஸ்.84 ஆதாரத்தில் அமைந்தது. அதில் இப்பிரதேசத்துத் தாள்களின் எண் சி44 என்று தொடங்கும். 58 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், ஆதாரம் மாற்றப்பட்டதா என்று விற்பவரைக் கேட்டே வாங்கவேண்டும். புதிய வரிசையின் 1:50,000 தாள்களை இந்தியக் குடிகள் இணையத்தில் விலையின்றிப் பெறும் ஏற்பாடு 2017-இல் தொடங்கிற்று. ஆதலின் அதே தாளின் நகலை விலைகொடுத்து வாங்குவது வீண் செலவு. 11 பாகை 30 கலை அட்சரேகை விருத்தாசலத்தை ஒட்டியே செல்வதாலும், ஒவ்வொரு தாளும் பதினைந்து கலைக்கு ஒன்றாக முடிவதாலும், இந்நகரத்தார்க்கு ஒரு தாள் போதாது. வடபுறத்துக்கு ஒன்றும் தென்புறத்துக்கு ஒன்றுமாக இரண்டையும் பெற்று இணைத்துக்கொள்வதே தக்கது.

பாகை கலை எழுதும் முறையிலும் ஒரு பொறி உண்டு. 11 பாகை 30 கலை என்பது தசம முறையில் 11.5 ஆகும். அதனை அறியாமல் 11.30 என்று கருவியில் பதிவு செய்தால், கருவி அதனை 11 பாகை 18 கலை என்றே கொள்ளும். பன்னிரண்டு கலை வித்தியாசம் தெற்கே ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பயிர்ச் சேத மனுவிலோ ஆழ்துளைக் கிணற்று விவரத்திலோ இவ்வாறு எழுதப்படின், நிலம் வேறு தாலுகாவுக்கே போய்விடும்.

இனி விலைக்கு வாங்கும் படங்கள். 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி இந்திய அரசாங்கத்தார் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளால் இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதியின்றிப் படம் தயாரித்து விற்கலாமென்று ஏற்பட்டது. அதனால் விற்பவர் தொகை பெருகியிருக்கின்றது. கையடக்கக் கருவிகளுக்குரிய படம் சாதாரணமாய் இரண்டு வழியிற் கிடைக்கும். மெமரி கார்டில் பதித்து விற்பது ஒன்று. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது மற்றொன்று. கார்டு வாங்கினால் ஒரு கருவியிலிருந்து கழற்றி அதே இனத்துக் கருவி வேறொன்றில் மாட்டலாம். தகப்பனார் கருவியிலும் மகன் கருவியிலும் மாறி மாறிப் பயன்படும். ஆனால் வரப்பில் நழுவி விழுந்தால் படமும் போயிற்று. புதிய பதிப்பு வந்தால் பெரும்பாலும் வேறு கார்டே வாங்கவேண்டும். இறக்கிக்கொள்ளும் படம் தொலைவதில்லை, புதுப்பித்தலும் எளிது. ஆயினும் பெரும்பாலும் அது ஒரே கருவிக்கென்று பூட்டப்பட்டிருக்கும். கருவி பழுதானால் படத்தை வேறு கருவிக்கு மாற்றித் தருவார்களா என்பதை விலை கொடுப்பதற்கு முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

கோப்பின் முடிவெழுத்துக்களையும் பார்க்கவேண்டும். ஐ.எம்.ஜி. என்று முடிவது கார்மின் இனத்துக் கருவிகளுக்குரியது. வேறு கருவி அதனை ஏற்பதரிது. கே.எம்.எல்., கே.எம்.இசட். என்பவை பெரும்பாலான கைப்பேசிகளிலும் கணினிகளிலும் திறக்கும். ஜி.பி.எக்ஸ். என்பது படமன்று, நடந்த தடமும் குறித்த இடங்களும் அதில் அடங்கும். கிணறு, மோட்டார் கொட்டகை, மண் மாதிரி எடுத்த இடம் ஆகியவற்றைத் தாமே குறித்துவைப்பவர் அவற்றை ஜி.பி.எக்ஸ். வடிவிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால், கருவி மாறினும் உழைப்பு வீணாகாது. வழி அறிவதற்கு மாத்திரமாயின், 2004-இல் தொடங்கப்பட்டுத் தொண்டர்களால் வளர்ந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படம் இனாமாகவே கிடைக்கின்றது. அதில் சாலைகள் உண்டு. புல எண்கள் இல்லை.

புல எண்களோடு கூடியதென்று விற்கப்படும் படத்தில்தான் மிக்க எச்சரிக்கை வேண்டும். இதன் காரணத்தை உணரப் புலப்படம் அளக்கப்பட்ட விதத்தை அறிதல் அவசியம். அளவைக்காரர் புலத்தின் குறுக்கே கல்லுக்குக் கல் நேர்க்கோடு இழுப்பர். இது ஜி-லைன் எனப்படும். அக்கோட்டின்வழியே சங்கிலி பிடித்துச் சென்று, எல்லையின் ஒவ்வொரு வளைவுக்கும் நேரே செங்குத்துத் தூரம் அளந்து எழுதுவர். ஆக, புலப்படத்தின் உயிர் அதில் எழுதப்பட்ட தூரங்களிலும், நிலத்தில் நாட்டிய கற்களிலும் இருக்கிறது. அட்சரேகை தீர்க்கரேகை அதில் இல்லை. அத்தகைய தனித்தனிப் படங்களை ஒன்றாக ஒட்டித் துணைக்கோள் நிழற்படத்தின்மேல் பொருத்தும்பொழுது, ஒரு மூலை பொருந்தினால் மற்றொரு மூலை சிறிது விலகுதல் இயல்பே. தமிழ்நாடு புவியியல் தகவல் முறைமையின் இணையப் பக்கத்தில் புல எல்லைகளை நிழற்படத்தின்மேல் காணலாம். தம் நிலம் எப்பக்கம், புல எண் யாது என்று தெரிந்துகொள்ள இது மிகவும் உதவும். அதனைப் பார்த்து வேலி போடுதல் கூடாது. அப்படங்களைப் பிரதியெடுத்து விற்கும் தனியார் படமோ, உட்பிரிவுகள் எந்த ஆண்டு வரையிலானவை என்று கூடச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு பாகப்பிரிவினையாகிய நிலம் அதில் பிரியாமலே கிடக்கும்.

புலப்படத்தை அரசாங்கத்தின் மின்சேவை இணையப் பக்கத்தில், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து, பி.டி.எஃப். வடிவில் கட்டணமின்றிப் பெறலாம். இதனை அச்சிடுகையில் ஒன்று நேரும். தாளுக்கு ஏற்றவாறு படத்தைச் சுருக்கவோ விரிக்கவோ அச்சு யந்திரத்துக்கு இயல்புண்டு. அவ்வாறு ஆனபின், 1:2,000 என்று மேலே பொறித்திருந்தாலும் தாளில் அவ்வளவை நில்லாது. ஆதலால் அடிக்கோல் வைத்து அளந்து பெருக்குவது தவறு. கோட்டின்மேல் எழுதிய மீட்டர் எண்ணையே கொள்ளவேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் ஏக்கர் சென்ட்டும் பழைய புல எண்ணும் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்துக்குப்பின் உள்ள பதிவேடுகளில் ஹெக்டேர் ஏர் கணக்கு இருக்கும். இரண்டையும் ஒத்துப்பார்த்து, இன்றைய உட்பிரிவு எண்ணைக் கொண்டே படம் இறக்கிக்கொள்க. விருத்தாசலம் நகராட்சிக்குள் நகர அளவை முடிந்த மனைகளுக்கு முறை வேறு. அவற்றுக்கு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் பிளாக் படத்தையும் கேட்டுப் பெறவேண்டும்.

இவ்வளவு சொன்னதால் கருவி வீணென்று எண்ணவேண்டுவதில்லை. மணிலா விதைக்கும் உரத்துக்கும் பரப்பை உத்தேசமாய் அறிய, வரப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்து தடம் பதித்து, இரு விடைகளும் நெருங்கியிருந்தால் அதனைக் கொள்ளலாம். நாற்பது ஐம்பது ஏர் அளவுள்ள துண்டு நிலங்களில் இம்முறையின் பிழை விகிதம் கூடுதலாகும். அங்கே நாடா பிடித்து அளப்பதே மேல். வேலைக்கு இத்தனை ஆள் வேண்டுமென்று கணக்கிடவும், இரவில் மோட்டார் கொட்டகைக்கு வழி காணவும், வெள்ளத்தில் கரையுடைந்த இடத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் கருவியே போதும். புல எண்தோறும் பயிரைக் கைப்பேசியிற் பதியும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பும் நடைபெற்று வருகின்றது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்கள் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அத்தகைய பதிவில் தம் புலத்துக்குப் பதிலாக அடுத்த புலம் குறிக்கப்பட்டதா என்று குடியானவர் உடனிருந்து பார்த்துக்கொள்வது அவருக்கே நன்மை. மணிலா பயிரிட்டவர் பெயரில் தரிசு என்று பதிவாகிவிட்டால், பின்னர் இழப்பீடு கேட்கும்பொழுது மெய்ப்பிக்கும் சுமை அவர்மேல் விழும்.

காணாமற் போன கல்லை மீண்டும் நாட்டுதல் மாத்திரம் கருவிக்கும் விலைக்கு வாங்கிய படத்துக்கும் அப்பாற்பட்டது. 1923-ஆம் ஆண்டு அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி முடிந்த அளவையே எல்லைக்குப் பிரமாணம். நில அளவர் அண்டையிலுள்ள கற்களைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து புலப்படத்து எண்களின்படி அளந்து வந்தே காணாமற்போன கல்லின் இடத்தை நிச்சயிப்பர். நில அளவைத் துறையார் கையாளும் உயர்ந்த கருவிகள், நிலையாக நிறுவிய ஆதார நிலையங்களிலிருந்து திருத்தம் பெற்றுச் சில சென்டிமீட்டர் நுட்பத்துக்கு அளப்பவை. அவற்றுக்கும் கைப்பேசிக்கும் உள்ள தூரம் தட்டான் தராசுக்கும் வைக்கோல் எடைபோடும் தராசுக்கும் உள்ள தூரம். அக்கருவிகளும் அண்டைக் கற்களோடு ஒத்துப்பார்த்தே முடிவு கூறப்படும். ஆகவே ஒரு கல் போனவுடனே மனு செய்வது சுலபம். மூன்று கற்கள் போனபின் செய்வது அரிது.

எல்லைக் கற்களைச் சோதித்தல் கிராம நிர்வாக அலுவலரின் கடமைகளுள் ஒன்று. அவர் கற்களைப் பார்வையிடும்பொழுது ஒவ்வொரு கல்லையும் கைப்பேசியில் இடங்குறித்து, தேதியிட்ட நிழற்படமும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னொரு நாளில் மண்மூடிய கல்லைத் தேடும்பொழுது ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் மண்வெட்டி கொண்டு பார்த்தாற் போதும். இவ்வேலைக்கு அவ்வளவு நுட்பமே மிகுதி. நிலமுடையோர் அளவை மனுவை இணையவழியாகவோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கொடுக்கலாம். பட்டா நகல், புலப்படம், கிரயப் பத்திரம் ஆகியவற்றோடு அண்டைப் புலத்தார் பெயர்களையும் சேர்த்துக் கொடுப்பது நலம். அளக்கும் நாளில் அவர்களும் உடனிருத்தல் வேண்டும். மணிலா அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே நிலம் வெறுமையாய்க் கிடக்கும் வாரங்களே இதற்குத் தக்க காலம். அப்பொழுது சங்கிலி பிடிக்கப் பயிரை மிதிக்கவேண்டுவதில்லை, புதைந்த கல்லும் எளிதிற் புலப்படும்.